செயினேஜ், ஈஸ்டிங், நார்த்திங், லெவல்: நாலும் ஒரே தாளில்

ரோடு வேலையில் சர்வே பக்கம் இருப்பவர்களுக்கு சைட்டிலிருந்து அடிக்கடி வரும் போன் இது: "சார், இருபது மீட்டருக்கு ஒரு பாயின்ட் போட்டு, செயினேஜ், ஈஸ்டிங், நார்த்திங், லெவல் நாலையும் ஒரே ஷீட்டில் அனுப்பிடுங்க." செயினேஜ் என்பது ரோட்டின் ஆரம்பத்திலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரம், ஈஸ்டிங்கும் நார்த்திங்கும் அதன் கிழக்கு, வடக்கு கோஆர்டினேட், லெவல் அதன் உயரம். கேட்கிறவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ரோடு டிசைன் மென்பொருளான சிவில் 3டி இருக்கிறது, அதில் ரோட்டின் கோடான அலைன்மென்ட் இருக்கிறது, அந்தக் கோடு நெடுக உயரத்தைச் சொல்லும் ப்ரொஃபைல் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் வந்துவிடாதா என்று நினைக்கிறார். வரும்தான். ஆனால் நாலும் சேர்ந்து வராது, பாதி ஒரு ரிப்போர்ட்டிலும் பாதி இன்னொன்றிலும் வரும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் முதலில் திணறுவது இங்கேதான், அதனால் இதை ஒருமுறை விலாவாரியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஹோம் டேபில் பேலட்ஸ் பகுதிக்குப் போய் டூல்பாக்ஸைத் திறந்தால் உள்ளே ரிப்போர்ட்ஸ் மேனேஜர் இருக்கும். அதில் அலைன்மென்ட் தலைப்பின் கீழே இன்க்ரிமென்டல் ஸ்டேஷனிங் ரிப்போர்ட். ஆரம்ப செயினேஜ், முடிவு செயினேஜ், இடைவெளி கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் செயினேஜ், நார்த்திங், ஈஸ்டிங், அந்த இடத்தில் ரோடு எந்தத் திசையில் போகிறது என்பது வரை தரும். லெவல் மட்டும் இருக்காது. அதே மேனேஜரில் ப்ரொஃபைல் தலைப்பின் கீழே இன்னொரு இன்க்ரிமென்டல் ரிப்போர்ட் இருக்கிறது. அதில் செயினேஜும் லெவலும் வரும், கோஆர்டினேட் வராது. இதைப் பார்த்துவிட்டு மென்பொருளைத் திட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அலைன்மென்ட் என்பது தரையில் போட்ட கோடு, அதற்கு உயரமே கிடையாது. அந்த ஒரு கோட்டின் மேல் இருக்கும் தரைக்கு ஒரு ப்ரொஃபைல், டிசைனுக்கு ஒன்று, போன மாதம் மாற்றிய பழைய டிசைனுக்கு ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் தொங்கும். எதன் லெவலை எடுப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சரி, சென்டர் லைன் மட்டும் போதும் என்றால் இரண்டையும் ஒரே இடைவெளியில் எடுத்து எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடலாம். ஆனால் வரிக்கு வரி ஒட்டாதீர்கள், செயினேஜை வைத்துத் தேடிப் பொருத்துங்கள். அலைன்மென்ட் 0+000-வில் (கூட்டல் குறிக்கு முன்னால் கிலோமீட்டர், பின்னால் மீட்டர்) ஆரம்பித்து, டிசைன் ப்ரொஃபைல் 0+040-இல் ஆரம்பிக்கும் வேலைகள் நிறைய உண்டு, ஏனென்றால் முதல் நாற்பது மீட்டர் பழைய ரோட்டோடு சேரும் பகுதியாக இருக்கும். அங்கே வரிக்கு வரி ஒட்டினால் மொத்த லெவலும் இரண்டு வரி மேலே ஏறி உட்கார்ந்துவிடும், பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

எக்செல்லைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 1+240.00 என்று வரும் செயினேஜ் எக்செல்லுக்கு எண் கிடையாது, எழுத்து. வரிசைப்படுத்தச் சொன்னால் 10+000-ஐ 2+000-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் கூட்டல் குறியை எடுத்துவிட்டு ஒன்றால் பெருக்கிவிட்டால் 1240 என்ற நல்ல எண்ணாகிவிடும், அதற்குப் பிறகு தேடுவது பொருத்துவது எல்லாம் சுலபம். இன்னொன்று, அமெரிக்க டெம்ப்ளேட்டில் ஆரம்பித்த டிராயிங்கில் அதே இடம் 12+40.00 என்று வரும், அங்கே நூறு அடிக்கு ஒரு ஸ்டேஷன் என்பது வழக்கம். நம் சைட்டில் அதைப் பார்க்கிறவர் பன்னிரண்டாவது கிலோமீட்டர் என்று படிப்பார். டிராயிங் செட்டிங்ஸில் ஸ்டேஷன் ஃபார்மேட்டை மாற்றிவிட்டுத்தான் ரிப்போர்ட்டே எடுக்க வேண்டும்.

ஆனால் சைட்டுக்கு சென்டர் லைன் மட்டும் போதுவதில்லை. வேலையைச் சோதிக்க வரச்சொல்லிக் கொடுக்கும் ஆர்எஃப்ஐ படிவத்தோடு வைக்கும் லெவல் ஷீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு செயினேஜுக்கு இடது ஓரம், நடு, வலது ஓரம், ஒவ்வொன்றுக்கும் டிசைன் லெவல், எடுத்த லெவல், வித்தியாசம். ஓரத்து லெவலை சென்டர் லெவலிலிருந்து கேம்பரை, அதாவது தண்ணீர் வடிய நடுவிலிருந்து ஓரத்துக்கு விடும் சரிவை, கழித்துப் போட்டுவிடலாமே என்றால், நேர் ரோட்டில் போடலாம். வளைவில் போட்டால் போச்சு. ஏழு மீட்டர் கேரேஜ்வேயில் (வண்டி ஓடும் அகலம்) 2.5% கேம்பர் என்றால் ஓரம் நடுவைவிட 8.75 சென்டிமீட்டர் கீழே. அதே இடம் 5% சூப்பர் எலிவேஷன் (வெளி ஓரத்தை உயர்த்திக் கொடுக்கும் சரிவு) உள்ள வளைவாக இருந்து, சென்டர் லைனை அச்சாக வைத்துத் திருப்பியிருந்தால், வெளி ஓரம் நடுவைவிட 17.5 சென்டிமீட்டர் மேலே. ஒரே ஓரத்துக்கு இரண்டு கணக்கும் 26 சென்டிமீட்டர் தள்ளி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கேம்பர் மெல்ல மெல்லத் திரும்பும் நீளம் வேறு இருக்கிறது, அங்கே ஒவ்வொரு செயினேஜிலும் சரிவு வேறு. நாலு வழிச்சாலையாக இருந்தால் அச்சு பெரும்பாலும் மீடியன் பக்கத்து ஓரத்தில் இருக்கும், அப்போது ப்ரொஃபைல் எந்தக் கோட்டுக்கானது என்பதையே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் ஓரங்கள் வேண்டுமென்றால் கொரிடாருக்குத்தான் போக வேண்டும். அலைன்மென்ட், ப்ரொஃபைல், ரோட்டின் குறுக்குவெட்டு மூன்றையும் சேர்த்துக் கட்டிய முழு ரோட்டு மாடல்தான் அது. கொரிடாரைத் தேர்ந்தெடுத்தால் மேலே ரிப்பனில் லாஞ்ச் பேட் பகுதியில் பாயின்ட்ஸ் ஃப்ரம் கொரிடார் இருக்கும். எந்தெந்த கோடுக்கு (code, குறுக்குவெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள பெயர்) பாயின்ட் வேண்டும் என்று கேட்கும், க்ரவுன் (நடு உச்சி), இடிடபிள்யூ (வண்டி ஓடும் பகுதியின் ஓரம்), டேலைட் (பக்கச் சரிவு தரையைத் தொடும் இடம்) என்று தேவையானதை மட்டும் டிக் செய்யலாம். மொத்தமும் ஒரு பாயின்ட் க்ரூப்பாக வந்து விழும். அதை சிஎஸ்வியாக வெளியே எடுத்தால் பாயின்ட் நம்பர், நார்த்திங், ஈஸ்டிங், லெவல், கோடு கிடைக்கும். அதே க்ரூப்புக்கு ஸ்டேஷன் ஆஃப்செட் டு பாயின்ட்ஸ் ரிப்போர்ட்டை ஓட்டினால் பாயின்ட் நம்பரோடு செயினேஜ், ஆஃப்செட் (கோட்டிலிருந்து பக்கவாட்டுத் தூரம்) கிடைக்கும். இரண்டையும் பாயின்ட் நம்பரை வைத்துச் சேர்த்தால் சைட் கேட்ட தாள் தயார். இங்கே பொருத்துவதற்கு செயினேஜ் தேவையில்லை, நம்பர் தனித்தனி என்பதால் குழம்ப வழியில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த பாயின்ட்கள் எந்த இடைவெளியில் வரும் என்பதை ரிப்போர்ட் முடிவு செய்வதில்லை. கொரிடார் ப்ராப்பர்ட்டீஸில் இருக்கும் ஃப்ரீக்வென்சிதான் முடிவு செய்கிறது. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் அதை யாரும் தொடாமல் விட்டிருந்தால் 25 மீட்டர். நேர்கோடு, வளைவு, ஸ்பைரல் (நேர்கோடு மெல்ல வளைவாக மாறும் பகுதி), வெர்டிகல் கர்வ் (ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் இடத்தில் உயரத்தில் போடும் வளைவு) என்று நாலுக்கும் தனித்தனியாக இடைவெளி கொடுக்கலாம். அதோடு வளைவு ஆரம்பிக்கும் முடியும் இடங்கள், சூப்பர் எலிவேஷன் மாறும் இடங்கள், மேட்டின் உச்சி, பள்ளத்தின் அடி எல்லாவற்றிலும் ஒரு செக்‌ஷன் போடச் சொல்லலாம், எல்லாவற்றுக்கும் யெஸ் கொடுத்துவிடுங்கள். கல்வெர்ட், பாலத்து அபட்மென்ட் இருக்கும் செயினேஜ்களை அதே டயலாக்கில் நாமே கூடுதலாகச் சேர்க்கவும் வழி இருக்கிறது. இதைச் சேர்க்காமல் அனுப்பினால் மறுநாள் காலையில் போன் வரும்.

ஒரு வேலையில் கன்சல்டன்ட் பக்கத்து லெவலும் கான்ட்ராக்டர் பக்கத்து லெவலும் ரோடு முழுக்க ஒத்துப்போய், ஒரு மேட்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உதைத்தது. இரண்டு பேரும் ஒரே டிராயிங்கிலிருந்து எடுத்ததாகத்தான் சொன்னார்கள், அது உண்மையும்கூட. லெவல் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலைச் சந்தேகப்பட்டார்கள், லெவல் தெரிந்த தற்காலிகக் குறியான டிபிஎம்மைச் சந்தேகப்பட்டார்கள், ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்த ஹெல்பரையும் விடவில்லை. கடைசியில் விஷயம் என்னவென்றால் ஒருவர் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்திருந்தார், மற்றவர் பத்து மீட்டருக்கு ஒரு பாயின்ட் போட்டு கொரிடார் சர்ஃபேஸிலிருந்து லெவல் வாங்கியிருந்தார். கொரிடார் ஓடியது 25 மீட்டர் ஃப்ரீக்வென்சியில்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும், எண்களை வசதிக்காக மாற்றியிருக்கிறேன். 2% ஏறி 1.5% இறங்கும் மேடு. இரண்டு சரிவும் சந்திக்கும் இடம் 1+240, அங்கே லெவல் 52.400. வெர்டிகல் கர்வின் நீளம் 140 மீட்டர். அப்படியென்றால் கர்வ் 1+170-இல் 51.000 லெவலில் ஆரம்பித்து 1+310-இல் 51.350-இல் முடிகிறது. நடுவில் எந்த இடத்திலும் லெவல் வேண்டுமென்றால், ஆரம்ப லெவலோடு ஏற்றத்தைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, சரிவு வித்தியாசத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி நீளத்தின் இரு மடங்கால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். 1+210-க்கு தூரம் 40 மீட்டர். 51.000 உடன் 0.800 கூட்டு, 0.200 கழி, ஆக 51.600. ப்ரொஃபைல் ரிப்போர்ட்டும் இதைத்தான் சொல்லும்.

கொரிடார் என்ன செய்கிறது? 1+200-இல் ஒரு செக்‌ஷன், லெவல் 51.4875. அடுத்தது 1+225-இல், 51.7219. நடுவில் அதற்கு ஒன்றும் தெரியாது, சர்ஃபேஸ் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. அந்த நேர்கோட்டில் 1+210-இன் லெவல் 51.581. ப்ரொஃபைலைவிட 19 மில்லிமீட்டர் கீழே. கொரிடார் செக்‌ஷன் உள்ள செயினேஜ்களில் இரண்டு ரிப்போர்ட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போகும், நடுவில் விழுகிற செயினேஜ்களில் மட்டும் உதைக்கும், அதனால்தான் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் ஆனது. பள்ளமாக இருந்தால் இதே பிழை தலைகீழாக, லெவல் கூடுதலாக வரும்.

இதற்கு ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது, எந்த இடைவெளி போதும் என்பதை அதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம். சரிவு வித்தியாசத்தை சதவீதத்தில் எடுத்து, இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, கர்வ் நீளத்தின் 800 மடங்கால் வகுத்தால், நேர்கோட்டுக்கும் உண்மையான கர்வுக்கும் அதிகபட்ச வித்தியாசம் மீட்டரில் கிடைக்கும். மேலே சொன்ன மேட்டுக்கு 25 மீட்டரில் 19.5 மில்லிமீட்டர், 20 மீட்டரில் 12.5, பத்தில் 3. சைட்டில் ஆரஞ்சு புக் என்று சொல்லும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக ஸ்பெசிஃபிகேஷனில் சப்கிரேடுக்கு (ரோட்டு அடுக்குகளுக்கு அடியில் இறுக்கிய மண்) விடும் சலுகை மேலே 20, கீழே 25 மில்லிமீட்டர். பேவர் இயந்திரம் வைத்துப் போடும் மேல் தாருக்கு ஆறுதான், கூட்டியும் குறைத்தும். சப்கிரேடுக்கு 20 மீட்டர் இடைவெளியில் தாள் கொடுப்பது ஓடிவிடும், அதே தாளை பிசி என்ற அந்த மேல் தார் போடும் நாளில் கையில் கொடுத்தால் ரோலர் ஏறுவதற்கு முன்னாலேயே சலுகையின் இரண்டு மடங்கை நாமே தின்றுவிட்டோம் என்று அர்த்தம். "இருபது மீட்டருக்கு ஒன்று" என்று போனில் சொன்னால் எந்த லேயருக்கு என்று திருப்பிக் கேட்பது அதனால்தான்.

படுக்கை வளைவுக்கும் இதே கதைதான், அங்கே இன்னும் கண்ணுக்குத் தெரியும். 360 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் 20 மீட்டருக்கு ஒரு பெக் அடித்து நூல் கட்டினால், நடுவில் நூல் உண்மையான கோட்டிலிருந்து 14 சென்டிமீட்டர் உள்ளே போகும். பத்து மீட்டரில் மூன்றரை, ஐந்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கெர்ப் போடுகிறவர்கள் இதைச் சொல்லாமலேயே ஐந்து மீட்டரில் கேட்பார்கள். கூட்டல், பெருக்கல் எதுவும் இல்லாமல் கண்ணாலேயே நூல் நிற்கும் விதத்தைப் பார்த்து "சார், நடுவுல ஒன்னு குடுங்க" என்று சொல்லிவிடுவார் மேஸ்திரி.

இனி கோஆர்டினேட். சிஎஸ்வி எடுக்கும்போது நார்த்திங் முதலா ஈஸ்டிங் முதலா என்று ஃபார்மேட் பட்டியலில் இரண்டு வகையும் இருக்கும், சைட்டில் அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷன் எதிர்பார்ப்பது ஒன்று, நாம் அனுப்புவது இன்னொன்று என்று ஆகிவிடுவது சகஜம். சென்னைப் பக்கம் என்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: யுடிஎம்மில் (உலகை ஸோன்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) ஈஸ்டிங் ஆறு இலக்கம், நார்த்திங் பதினான்கு லட்சத்துச் சொச்சம் என்று ஏழு இலக்கம். மதுரையிலும் ஏழுதான். ஆனால் கோவில்பட்டியைத் தாண்டித் தெற்கே போனால் நார்த்திங் பத்து லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. திருநெல்வேலியில் இரண்டும் ஆறு இலக்கம், ஈஸ்டிங் எட்டு லட்சம், நார்த்திங் ஒன்பதரை லட்சத்துச் சொச்சம். ஈஸ்டிங்கும் நார்த்திங்கும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்து வேலைகளுக்கு தலைப்பு வரி இல்லாத சிஎஸ்வியை நான் யாரிடமும் வாங்குவதில்லை.

திருநெல்வேலி எட்டு லட்சம், சென்னை நாலு லட்சம் என்று ஈஸ்டிங் ஏன் தலைகீழாக இருக்கிறது, சென்னைதானே கிழக்கே என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒரே ஸோன் இல்லை என்பதுதான் பதில். 78 பாகை தீர்க்கரேகைதான் 43-ஆம் ஸோனுக்கும் 44-ஆம் ஸோனுக்கும் எல்லை, அது தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது. சேலம், நாமக்கல், கரூர், மதுரை எல்லைக்குக் கொஞ்சம் கிழக்கே. திண்டுக்கல், விருதுநகர் கொஞ்சம் மேற்கே. அதாவது சேலத்திலிருந்து கன்னியாகுமரி போகும் நெடுஞ்சாலை இந்தக் கோட்டை மாறி மாறிக் கடக்கிறது. ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரே ஸோன் என்று முதல் நாளே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும், இல்லையென்றால் நடுவில் கோஆர்டினேட் ஆறு லட்சம் மீட்டருக்கு மேல் குதிக்கும். குதிப்பதாவது கண்ணுக்குத் தெரியும். ஸ்கேல் ஃபேக்டர், அதாவது தரைத் தூரத்துக்கும் யுடிஎம் கட்டத்தின் (கிரிட்) தூரத்துக்கும் உள்ள விகிதம், அப்படி இல்லை. ஸோனின் நடுக்கோட்டில் தரையில் அளந்த ஒரு கிலோமீட்டர் கிரிட்டில் 40 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். மதுரை மாதிரி ஸோன் விளிம்பில் அதுவே கிரிட்டில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிடும். யுடிஎம்மில் வரைந்த அலைன்மென்ட்டின் செயினேஜும், டேப்பிலோ டோட்டல் ஸ்டேஷனிலோ அளந்த தரைத் தூரமும் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் விலகிக்கொண்டே போவதற்குக் காரணம் இது. ரிப்போர்ட் எடுக்கும்போது எந்த மென்பொருளும் இதை எச்சரிக்காது, அது கிரிட்டில்தான் வாழ்கிறது. தரைத் தூரத்தோடு ஒத்துப்போகும் லோக்கல் கிரிட்டுக்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அதைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுவது நல்லது.

லெவலிலும் ஒன்று உண்டு. சைட்டில் கொண்டுபோகும் ஜிபிஎஸ் ரோவர், பூமியின் கணித வடிவமான எலிப்சாய்டிலிருந்து உயரத்தைத் தருகிறது, டிசைன் லெவல் கடல்மட்டத்திலிருந்து. உலகத்திலேயே ஜியாய்ட், அதாவது சராசரிக் கடல்மட்டப் பரப்பு, மிகவும் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அதன் பக்கத்து ஊர் நாம். அதனால் தமிழ்நாட்டுக் கடற்கரையில் இரண்டுக்கும் ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம், ரோவர் மைனஸில் உயரம் காட்டும். இவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதால் யாரும் அப்படியே பயன்படுத்திவிட மாட்டார்கள். ஆனால் "ஒரே ஒரு பெஞ்ச்மார்க்கில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து எல்லாவற்றிலும் கூட்டிட்டோம்" என்பார்கள், நீளமான ரோட்டில் அந்த வித்தியாசமே இடத்துக்கு இடம் மாறும். லெவலுக்கு ஆட்டோ லெவலில் டிபிஎம் ஓட்டுவதுதான் இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை.

தாளை அனுப்புவதற்கு முன் நான் செய்வது, வெர்டிகல் கர்வுக்குள் விழும் ஏதாவது ஒரு வரி, சூப்பர் எலிவேஷன் திரும்பும் நீளத்தில் ஒரு வரி, இரண்டையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது. நேர் ரோட்டில் ஒரு வரியைச் சரிபார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, அங்கே எல்லா முறையும் ஒரே விடைதான் தரும். நாலைந்து வரி முன்பின் பார்த்து லெவல் வித்தியாசம் சீராகக் கூடிக் குறைகிறதா என்று எக்செல்லில் ஒரு காலம் (column) போட்டுப் பார்த்தாலும் போதும், இடையில் ஒன்று துள்ளினால் அங்கே ஏதோ இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கொரிடாரிலிருந்து எடுத்த பாயின்ட்கள் கொரிடாரோடு கட்டுப்பட்டவை இல்லை. டிசைனர் ப்ரொஃபைலை ஐந்து சென்டிமீட்டர் தூக்கினால் கொரிடார் மாறும், லேபிள் மாறும், டிராயிங்கில் எல்லாம் மாறும், அந்த பாயின்ட்கள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். டூல்பாக்ஸ் ரிப்போர்ட் எச்டிஎம்எல் பக்கமாக வருவதால் அதுவும் எடுத்த நொடியோடு சரி. அதனால் தாளின் மேலே அலைன்மென்ட் பெயர், ப்ரொஃபைல் பெயர், டிசைன் ரிவிஷன் எண், எந்த லேயரின் லெவல், இடைவெளி, ஸோன் அல்லது லோக்கல் கிரிட், எடுத்த தேதி, இவ்வளவும் இருக்க வேண்டும். புதுத் தாள் போகும்போது பழையதைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். வாங்க மாட்டார்கள், அதனால் ரிவிஷன் மாறும்போது வேறு நிறத் தாளில் பிரின்ட் எடுத்து அனுப்புகிறேன். மஞ்சள் தாளில் இருப்பதுதான் இப்போதையது என்று போனில் சொல்வது சுலபம்.